பக்கத்து சீட்டு மாஸ்டர்

"கொஞ்சம் நகராம நில்லுங்க சார்," என்றார் மாஸ்டர், தனக்கு முன்னால் நின்ற பருமனான மனிதரிடம்.

"ஏன்?"

"நான் உங்க பின்னாடி மறைஞ்சுக்கிட்டிருக்கேன்."

பருமனானவர் திரும்பி ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சைக்கிளோடு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். மறைப்பு போய்விட்டது. மாஸ்டர் அவசரமாகக் குனிந்து, ஒழுங்காக இருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஊரே சைக்கிளில் கிளம்பியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அது. சாலை முழுக்க மஞ்சள் பனியன், வெள்ளை ஹெல்மெட். எள் போட்டால் கீழே விழாத கூட்டம். அதற்குள் எங்கோ முன்னால் மாஸ்டரின் மனைவி நின்றாள். மாஸ்டர் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் தீர்ந்தது கதை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று காலடியில் பொருத்திய தனி பிரேக்கில் வலது காலை வைத்தபடியே காலத்தை ஓட்டியவர். அந்தக் கால் இப்போதெல்லாம் அவர் சொன்னபடி கேட்பதில்லை. பஸ்ஸில் போனாலும் அழுத்தும், சினிமாவில் கார் வேகமாக வந்தாலும் அழுத்தும். முன் சீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் உண்டு. காலையாவது மன்னித்துவிடலாம். வாய் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. "கண்ணாடியைப் பாரு, சிக்னலைப் போடு, பிரேக், பிரேக், பிரேக்கு!" என்று தூக்கத்தில்கூடப் புலம்பும்.

மனைவிக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத்தான் பார்த்தார். முதல் நாளே அவள் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அதே மனுஷிதான் இந்த வயதில், ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் சத்தமில்லாமல் சைக்கிள் கற்றுக்கொண்டு, இந்தப் பயணத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"நானும் வர்றேனே. சும்மா பின்னாடி," என்றார் மாஸ்டர்.

"வேணாம்."

"கூட்டம்மா. எவனாவது இடிச்சுட்டா?"

"இடிச்சா எந்திரிச்சுக்கறேன். இந்த ஒண்ணையாவது நீங்க இல்லாம கத்துக்கிட்டிருக்கேன். நீங்க பின்னாடி வந்து ஒரு வார்த்தை வாயைத் திறந்தீங்க, அப்புறம் இந்த ஜென்மத்துல உங்ககூட ஒரே வண்டில ஏற மாட்டேன். சத்தியம் பண்ணுங்க."

மாஸ்டர் சத்தியம் பண்ணினார். அவள் சொன்னால் சொன்னதுதான். நாத்தனாரோடு பேச மாட்டேன் என்று ஒருமுறை சொன்னவள், இன்றைக்கும் நாத்தனார் வீட்டுக்கே போய், நாத்தனார் போட்ட காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்பதை மாஸ்டரிடம்தான் சொல்வாள்.

ஆனால் பயம் யாரை விட்டது? அவள் கீழே விழுவது போலவே கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேல் அவருக்கு உயிர். அதை வாயால் சொல்லத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிரேக் என்று கத்துவதுதான். ஆக, விடிந்ததும் விடியாததுமாக "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு கலக்க ஒரு மஞ்சள் பனியனையும் மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டுத் தையல்காரரின் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார். கறுப்புச் சைக்கிள். செயின் கவரில் வெள்ளைப் பெயின்டில் 'தையலகம்' என்று கொட்டை எழுத்து. அதன் சீட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம், உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும்.

விசில் அடித்தது. கூட்டம் நகர்ந்தது.

அடையாளத்துக்கு அவர் குறித்துவைத்திருந்தது, காலையில் அவள் முதுகில் மாட்டியிருந்த சிவப்புப் பை. இதோ, முன்னால் போகிறது. கட்டின பெண்டாட்டியின் முதுகு தெரியாதா? தெரியும். மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டு பின்தொடர்ந்தார். முதல் திருப்பம் வரைக்கும் வாய் சொன்னபடி கேட்டது.

திருப்பத்தில் சிவப்புப் பை லேசாக ஆடியது.

"பிரேக்! பிரேக்கைப் புடி! கண்ணாடியைப் பாருன்னா பாக்கறியா நீ!"

சிவப்புப் பை சடாரென்று பிரேக்கைப் பிடித்தது. பின்னால் வந்த ஏழெட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றார்கள். திரும்பிய முகம் மாஸ்டர் ஆயுளில் பார்க்காத முகம்.

"யாருங்க நீங்க? எதுக்கு என் பின்னாடியே வந்து கத்துறீங்க?"

"மன்னிச்சுக்கங்க. என் வீட்டுக்காரின்னு நெனச்சுட்டேன்."

"முதுகைப் பாத்தா?"

அப்போதுதான் மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். ஏதோ ஒரு கம்பெனி புண்ணியத்துக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறது போலும், பாதிப் பேர் முதுகில் அதே சிவப்புப் பை. அந்தப் பெண் கையை உயர்த்தி, ஓரமாக மோட்டார் பைக்கில் வந்த தொண்டரைக் கூப்பிட்டாள். மீசைக்காரத் தொண்டர், வாயில் விசில், கையில் கொடி. அவர் பார்வை கூட்டத்தைத் துழாவி, மாஸ்டரின் சைக்கிளில் வந்து நின்றது.

"சார்! தையலகம் சார்! நில்லுங்க!"

மாஸ்டர் நிற்பாரா? விழுந்தடித்து மிதித்தார். தொண்டர் பிடித்தால் மைக்கில் அறிவிப்பார்கள். பெண்கள் பின்னால் சுற்றின டிரைவிங் மாஸ்டர் என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, அவளுக்குத் தெரியுமே! கூட்டத்துக்குள் பைக் நுழைய முடியாது என்ற ஒரே தைரியத்தில், இண்டு இடுக்கெல்லாம் புகுந்து போனார். சீட் வேறு இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வயிற்றை முட்டியது.

ஒரு மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினார். மஞ்சள் பனியனோடு இருந்தால்தானே பிடிப்பார்கள்? கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார். உள்பக்கம் வெள்ளை. அவர் மூளையை அவரே மெச்சிக்கொண்டார்.

மறுபடி சாலையில் இறங்கியபோதுதான் தெரிந்தது, அத்தனை ஆயிரம் மஞ்சளுக்கு நடுவே அவர் ஒருவர் மட்டும் வெள்ளை.

"வெள்ளைச் சட்டை தையலகம் சார்! ஓரமா வாங்க சார்!"

விசில் சத்தம் இப்போது இன்னும் பக்கத்தில் கேட்டது. இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தவர், தண்ணீர் கொடுக்கும் மேஜைக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார்.

அங்கே நின்ற இன்னொரு தொண்டருக்கு என்ன அவசரமோ, ஒற்றைக்காலில் தவித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, கொஞ்சம் இந்த முனையைப் பாத்துக்கங்க. ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்," என்று தன் ஆரஞ்சுக் கோட்டையும் கொடியையும் மாஸ்டர் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டால் வெள்ளைப் பனியன் மறையும். தொண்டரைத் தொண்டரே சந்தேகப்படுவாரா? மாஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"சார், எந்தப் பக்கம்?" என்று கேட்டார் முதலில் வந்த சைக்கிள்காரர்.

பயணம் எந்த வழியாகப் போகிறது என்று மாஸ்டருக்குத் தெரியாது. ஆனால் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது. அதுவும் இது அவர் தினமும் மாணவர்களோடு வந்து நிற்கும் முனை. கை தானாக நீண்டது.

"லெஃப்ட் எடுங்க! கையைக் காட்டித் திரும்பணும்! வேகத்தைக் குறை! ஏய் தம்பி, பின்னாடி யார் வர்றான்னு பாத்தியா?"

முதல் ஆள் திரும்பினார். அவரைப் பார்த்து இரண்டாமவர். அதற்குப் பிறகு யாரும் வழி கேட்கவே இல்லை. ஆற்று வெள்ளம் மாதிரி கூட்டம் மொத்தமும் இடது பக்கச் சந்துக்குள் இறங்கியது. இத்தனை பேர் தன் பேச்சைக் கேட்டுத் திரும்புவதை மாஸ்டர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மனசு குளிர்ந்துவிட்டது. பயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

கடைசியாக வந்த ஒரு ஜோடி, "எவ்வளவு தூரம் சார் இன்னும்?" என்று கேட்டபோதுதான், அந்தச் சந்து எங்கே போய் முடிகிறது என்று அவருக்கு நினைவு வந்தது.

லைசென்ஸ் டெஸ்ட் மைதானம். சுற்றிலும் மதில். ஒரே ஒரு வாசல்.

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. மைதானம் நிரம்பி வழிந்தது. வெளியே போக நினைத்தவர்களை உள்ளே வருபவர்கள் விடவில்லை. போக வழியில்லாத கூட்டம், தரையில் எட்டு வடிவில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே சுற்ற ஆரம்பித்தது. குழந்தைகளுக்காக நிதி திரட்டக் கிளம்பிய ஊர், டெஸ்ட் மைதானத்தில் எட்டு போட்டுக்கொண்டிருந்தது.

"இதுதான் ரூட்டா?"

"யாருய்யா திருப்பிவிட்டது?"

"அதோ, ஆரஞ்சுக் கோட்டு!"

மாஸ்டர் கோட்டைக் கழற்றப் போனார். உள்ளே வெள்ளைப் பனியன் ஞாபகம் வந்தது. மறுபடி மாட்டினார். சைக்கிளில் ஏறி அவரும் கூட்டத்தோடு கூட்டமாக எட்டு போட்டார். இரண்டாவது சுற்றில், சீட் 'கடக்' என்று முழுசாக உள்ளே இறங்கியது. முழங்கால் தாடையில் இடித்தது. ஹேண்டில் திரும்ப, ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே மீசை தெரிந்தது. மோட்டார் பைக் தொண்டரேதான். ஆளுக்கு மூச்சு இரைத்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? டயருக்குள் உட்கார்ந்தபடியே மாஸ்டர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

"ஐயா, நான் தப்பான ஆள் இல்லீங்க. என் சம்சாரம் மொத மொத இவ்வளவு கூட்டத்துல ஓட்டுறா. விழுந்துருவாளோன்னு பயம். வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன். அந்தம்மாவை அவன்னு நெனச்சுக் கத்திட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, மைக்ல மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா போச்சு!"

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டயர் தூசி என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

தொண்டர் குனிந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கூடவே நீட்டினார்.

"மொதல்ல இதைப் போடுங்க சார். பிரஷர் மாத்திரை. கிளம்புற எடத்துலேருந்து இதைப் பையில வச்சுக்கிட்டு உங்களைத் துரத்துறேன், நீங்க என்னடான்னா நிக்கவே மாட்டேங்கறீங்க."

மாஸ்டர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "இது... இதை யார் குடுத்தது?" என்றார்.

"உங்க வீட்டம்மாதான் சார், காலையில மாத்திரை போடாம வந்துட்டாருன்னு தையலகம் சைக்கிளை அடையாளம் சொல்லிக் குடுத்தாங்க," என்று மைதானத்து வாசல் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார் தொண்டர். "கூட்டத்துல ஓட்டிப் பழக்கமில்லாத மனுஷன், விழுந்துருவாரோன்னு காலையிலேருந்து உங்க பின்னாடியேதான் வந்துக்கிட்டிருக்காங்க, ஒரு வார்த்தை பேசாம."