பாவம் பார்த்து விட்ட மீன்கள்

இந்த ஞாயிறு மீன் இல்லாமல் வீட்டு வாசற்படி ஏறுவதில்லை என்று தையல்காரர் சபதம் போட்டார்.  எட்டு மாதமாக ஞாயிறுதோறும் ஏரியில் தூண்டில் போடுகிறார். ஊருக்கே சட்டை தைக்கிறவரை ஒரு மீன்கூட சட்டை செய்ததில்லை.

வீட்டில் சொல்லி வைத்திருந்த கதை வேறு. "பிடிச்சேன், இவ்வளவு நீளம். கண்ணைப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு. விட்டுட்டேன்." அந்த மீன் வாராவாரம் ஒரு சாண் வளர்ந்துகொண்டே வந்தது.

இதில் ஒரு சிக்கல். அவர் மனைவி வேலை பார்ப்பதே மீன் பண்ணையில். அந்த ஏரியில் விடுவதற்குக் குஞ்சு வளர்க்கிற இடம். விரல் நீளம் இருக்கும்போதே ஒவ்வொரு குஞ்சுக்கும் முதுகில் வாலோரமாக இருக்கிற குட்டித் துடுப்பை வெட்டிவிடுவார்கள். ஏரியில் சட்டம் இதுதான். துடுப்பு வெட்டியிருந்தால் பண்ணை மீன், எடுத்துப் போகலாம். முழுசாக இருந்தால் ஏரியிலேயே பிறந்தது, திருப்பி விட்டாக வேண்டும்.

"நான் இடுப்பு ஒடிய வளர்த்து விடறேன். நீங்க பாவம்னு திருப்பி விடறீங்க. அப்புறம் நான் எதுக்கு வளர்க்கறேன்?"

"மனசு கேக்கலம்மா."

"பாப்பா அழுதாகூட அதுக்குக் கேக்கறதில்லையே."

அவர் தூண்டில் முள்ளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இந்த வாரம் ஒண்ணாவது வீட்டுக்கு வரணும். இல்லேன்னா அடுத்த ஞாயிறுலேர்ந்து பாப்பா உங்ககிட்ட. நான் தூங்கப்போறேன்."

அவருக்கென்று இருப்பதே அந்த ஞாயிறு அரை நாள்தான். ஆறு நாளும் கடையில் 'இடுப்புல பிடிக்குது', 'கை தொங்குது' என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு, ஏரி ஒன்றுதான் எதுவும் சொல்லாமல் கிடக்கும். அதுவும் போய்விட்டால்? ஞாயிறு காலை ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் மிதவையை முறைத்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு மிதவை முங்கியது. இழுத்தார். மீன். நிஜமான மீன். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். முதுகில் குட்டித் துடுப்பு முழுசாக நின்றது.

எட்டு மாதத்தில் வந்தது ஒன்று. அதுவும் திருப்பி விட வேண்டியது. இப்போது பார்த்து அவருக்குப் பாவமே வரவில்லை. அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார். ஒரே நறுக்.

ஏரி வாசலில் காவலாளி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தையல்காரரின் நெஞ்சு மெஷின் மாதிரி ஓடியது.

"வெட்டு மீன்தான். முதல் தடவையா எடுத்துட்டுப் போறீங்க போலிருக்கேண்ணே."

"வீட்டுல ஆசைப்பட்டாங்க."

வீட்டில் மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே குனிந்தாள். வாளிக்குள் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் வாளிக்குள் பார்த்தாள்.

"நாங்க வெட்டினது மீன் வளர வளர ஆறி மழமழன்னு ஆயிடும். இது இன்னும் சிவப்பா இருக்கு."

"கல்லுல உரசியிருக்கும்."

"ஓரத்துல ஒரு பிசிறில்லையே. கல்லு எந்தக் கடையில தையல் படிச்சுதாம்?"

அவர் கை தானாகப் போய்ச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

"இதுவரைக்கும் எத்தனை மீன் விட்டீங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

"பிடிச்சாத்தானே விடறதுக்கு."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இது சாகறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. காவலாளிகிட்ட நீங்களே நடந்ததைச் சொல்லிடுங்க."

"சரிம்மா."

"வெட்டு சுத்தமாத்தான் இருக்கு. பண்ணையில துடுப்பு வெட்ட ஞாயிறு வேலைக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்களைச் சொல்லிடறேன்."

"அப்ப பாப்பா?"

"பாவம், அதை நான் பார்த்துக்கறேன்."

அடுத்த ஞாயிறு, பண்ணையில் தையல்காரர் தூண்டிலே இல்லாமல் வெறும் கையால் ஆயிரத்து இருநூறு மீன் பிடித்தார். பிடித்த அத்தனையையும் விட்டுவிட்டார்.