தாலியோ துரை

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே நரி வேட்டையில் புலி என்று பேர் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு நரியையும் பிடித்ததில்லை, ஒரு குதிரை மீதும் ஏறியதில்லை. இது தெரியாமல் அவர் பேச்சை நம்பிக் குதிரையேறிய முட்டாள்கள் மூன்று பேர். அதில் முதல் முட்டாள் என்ற முறையில், தாலியோ துரையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் வேலை பார்த்தவர். அந்த வெள்ளைக்காரர் கப்பலேறிச் சீமைக்குப் போனதும், இவர் மலையிறங்கி வந்து உக்கடத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு ரொட்டிக் கடை போட்டார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். எஜமானர் கொடுத்துவிட்டுப் போன சிவப்புக் கோட்டைச் சித்திரை வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் துரை. 'தாலியோ' என்ற பட்டம் பிற்பாடு வந்தது. அது வந்ததற்குக் காரணம் நான்.

அந்தக் கோட்டோடு அவர் முதல் தடவை ரயிலடிக்குப் போனபோது, யாரோ ஒருவர் போர்ட்டர் என்று நினைத்து அவர் தலையில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டார். துரை மறுபேச்சில்லாமல் சுமந்து போய்ப் பெட்டியை வண்டியில் வைத்து, ஆங்கிலத்தில் தேங்க்ஸும் சொல்லிவிட்டு வந்தார். கூலி வாங்கவில்லை.

"ஏனுங்க துரையண்ணா, நான் போர்ட்டர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?" என்று கேட்டேன்.

"கோட்டப் பாத்து நம்பி ஏத்திப்போட்டாங்க தம்பி. நம்புனவங்கள நடுவுல உட்டுப்போட முடியுமா?" என்றார்.

சாயங்காலமானால் ரொட்டிக் கடையில் ஊட்டி நரி வேட்டைக் கதை நடக்கும். பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே வாயைப் பிளந்து கேட்போம். "மொதல்ல நாய்ங்க. அதுக்குப் பின்னால குதிரை மேல தொரைமாருங்க. எல்லாத்துக்கும் பின்னால நானு!" என்பார். சேனாதிபதி என்றால் பின்னால்தானே இருப்பார் என்று நாங்களாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

இங்கே என் கல்யாணக் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் அப்போது ஒரு பஞ்சாலை ஆபீசில் பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை எண்ணும் குமாஸ்தா. பல்லடம் சாலையில் ஒரு கிராமத்துத் தேர் நோம்பித் திருவிழாவில், வளையல்காரனிடம் பேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பேலையும் இரண்டு தரம் எண்ணினேன். விசாரித்து, சொந்தக்காரர்களைப் பிடித்து, ஜாதகம் பார்த்து, ஒருவழியாகப் பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். எல்லாம் பிடித்துப்போனது. கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒன்று கேட்டார்.

"எங்கூட்டு வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க மாப்பிள்ளை. மாப்பிள்ளை குதிரை மேலதான் பந்தலுக்கு வரோணும். எங்கய்யன் அப்படித்தான் வந்தாரு, நானும் அப்படித்தான் வந்தேன். உங்களுக்குக் குதிரை பழக்கமுங்களா?"

நான் ஜட்கா வண்டியில் ஏறினாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஜாதி. ஆனால் தினமும் துரையின் கதையைக் கேட்டுக் கெட்டுப்போன நாக்கு என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "குதிரைங்களா? நரி வேட்டைக்கே போற ஆளுங்க நானு!"

அவருக்குப் பரம சந்தோஷம். "அப்படீங்களா! பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை கேட்டுட்டே இருக்கறாருங்க. குதிரை நல்லா ஓட்டறாரு, ஆனா வேட்டைக்கெல்லாம் போனதில்லீங்க. நீங்க ஒருநா ஊருக்கு வந்து ஓட்டிக் காட்டிப்போடுங்க. அப்புறம் வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொள்ளாச்சி மாப்பிள்ளையும் வளையல்காரனிடம் சிரித்த அந்தப் பெண்ணும் மாறி மாறிக் கண்ணில் வந்து நின்றார்கள்.

ஓடிப்போய்த் துரையிடம் முறையிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "இதுக்குப் போயி அழுவாங்களா? சனி, ஞாயிறு ரெண்டே நாளு. நாமளே ஒரு நரி வேட்டை நடத்திப்போடலாம். நாந்தான் மாஸ்டர்!" என்றார். எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டும் ஸ்டோர்கீப்பரும் சும்மா வேடிக்கைக்காகச் சேர்ந்துகொண்டார்கள். பஞ்சாலையில் வேலை பார்ப்பவனுக்கு வேறு என்ன வேடிக்கை இருக்கிறது?

சனிக்கிழமை மத்தியானம் உக்கடம் குளக்கரையில் கூடினோம். குதிரைகள் மூன்றும் ரயிலடி ஜட்கா குதிரைகள். சேணத்துக்குப் பதில், கழிவுப் பஞ்சு அடைத்துத் தைத்த சாக்கு. கால் வைக்கத் தாம்புக் கயிறு. வேட்டை நாய்கள் எல்லாம் கறிக்கடை வாசலில் ரொட்டியைக் காட்டிக் கூட்டி வந்தவை. இவ்வளவையும் பார்த்த பிறகும் நாங்கள் திரும்பிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

டைப்பிஸ்ட் பரம சாது. பியூனைக்கூட 'ங்க' போடாமல் கூப்பிட மாட்டார். குதிரை மேல் ஏறி உட்கார்ந்து, "சித்தெ நடங்க" என்றார். குதிரை அசையவில்லை. "ஏனுங்க, கொஞ்சம் நடக்கறீங்களா?" என்று குனிந்து அதன் காதில் கேட்டார். பிறந்த நாள் முதல் வசவைத் தவிர வேறு பாஷை கேட்காத குதிரை அது. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்து நின்றது. கடைசியில் ஜட்காக்காரர் வந்து அதன் தாயாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்ன பிறகுதான் வேட்டை புறப்பட்டது.

ஸ்டோர்கீப்பரின் பங்காளிக்குப் பல்லடம் சாலையில் ஒரு தோட்டம் இருந்தது. இருட்டும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். துரை ஒரு பெரிய கூடையைத் திறந்து ரொட்டி, முட்டை, ஜாம் என்று அடுக்கினார். அதில் மட்டும் அவர் கை தேர்ந்த கை. தோட்டத்துக்காரர் மரியாதையாகக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நாங்கள் மூவரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். படுக்கும்போது குப்புறப் படுத்தோம்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மறுபடி குதிரை மேல் ஏறியபோது சுகமாக இருந்தது. நடந்து போனால் கிளுவை வேலி கண்ணை மறைக்கும். அன்றைக்கு வேலிக்கு மேலே என் தலை தெரிந்தது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு வெடித்து வெளுத்துக் கிடந்தது. என்னை ஒரு பாளையக்காரனாக நினைத்துக்கொண்டு இல்லாத மீசையைத் தடவிப் பார்த்தேன். டைப்பிஸ்ட் ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

மாஸ்டர் மட்டும் தோட்டத்துக்காரரின் ரேக்ளா வண்டியில், காளைகளுக்குப் பின்னால், கோட்டும் ஊதுகொம்புமாக நின்றிருந்தார். "நீங்க குதிரை ஏறலீங்களா?" என்று கேட்டதற்கு, "குதிரை மேல இருந்தாக் குதிரையோட காதுதான் தெரியும். ரேக்ளாவுல நின்னாத்தான் வேட்டையே தெரியும்" என்றார். நாங்கள் அதையும் ஒத்துக்கொண்டோம்.

"நரி கண்ணுல பட்டதும் நா கொம்பு ஊதுவேன். அப்புறம் 'டாலி ஹோ'ன்னு கத்துவேன். உடனே நீங்க குதிரையத் தட்டி உடோணும்."

"அப்படீன்னா என்னங்க அர்த்தம்?" என்றார் டைப்பிஸ்ட்.

"அர்த்தம் தொரைமாருக்கே தெரியாதுங்க. ஆனா மொதல்ல கத்தறது பெரிய மனுசங்கதான். அத்தனை வருசம் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டேதான் இருந்தேன். ஒரு நாளாச்சும்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக் கொம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

நரி வந்தது. ஒரு வரப்பு மேல் நின்று, நாங்கள் யார் என்ற குழப்பத்தோடு எங்களையே பார்த்தது. ஸ்டோர்கீப்பர் குதிரையிலிருந்து குதித்தார். துரத்துவதற்கு அல்ல.

"நரி முகமுங்க! வெடியால நேரத்துல நரி முகம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். டைப்பிஸ்டும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, சம்பள இங்கிரிமெண்டுக்கு வேண்டிக்கொண்டார். நான் மட்டும் இறங்கவில்லை. எனக்கு இறங்கத் தெரியாது. கடிவாளக் கயிற்றை விட்டுவிட்டுக் குதிரை மேலிருந்தபடியே கை கூப்பிக் கண்ணை மூடி, 'அந்தப் பெண் எனக்குக் கிடைக்க வேண்டும்' என்று கேட்டேன். மாஸ்டரும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். நாய்கள் ரொட்டிக் கூடையைச் சுற்றி நின்றன. நரி எல்லோருக்கும் தரிசனம் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து போனது.

அது போன பிறகுதான் மாஸ்டருக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது. கொம்பை எடுத்து ஊதினார்.

ரயிலடிக் குதிரைக்கு ஊதல் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான்: வண்டி வந்துவிட்டது, முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். என் குதிரை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கூப்பிய கையைப் பிரிக்கக்கூட எனக்கு அவகாசம் இல்லை. பருத்திக் காட்டைத் தாண்டி, ஒரு வேலியையும் தாண்டி, கும்பிட்டபடியே பறந்தேன்.

எனக்கு என்ன ஆகுமோ என்று பதறிப்போன துரை, ரேக்ளாவைக் கிளப்பிக்கொண்டு பின்னால் வந்தார். பதற்றத்தில் அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. அந்த 'டாலி ஹோ'வும் நேராக வரவில்லை.

"தாலியோ! தாலியோ!"

எதிரே ஊர் வந்தது. முன்னால் குதிரையில் ஒருவன் தலை தெறிக்க ஓடுகிறான். பின்னால் சிவப்புக் கோட்டுப் போட்ட சர்க்கார் ஆள் ஒருவர் 'தாலியோ' என்று கத்திக்கொண்டே துரத்துகிறார். ஊர் என்ன நினைக்கும்? பெண்கள் அத்தனை பேரும் கழுத்தில் கை வைத்தார்கள்.

"என்ர தாலி இருக்குதக்கா, உன்ரது?"

"இருக்குது. ஆருதப் புடுங்கிப்போட்டான் பாவி?"

ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். என் குதிரை ஒரு பெரிய வீட்டு வாசலில் மூட்டைகளும் ஆட்களுமாக இருப்பதைப் பார்த்தது. ஸ்டேஷன் வந்துவிட்டது என்று சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை. நேராகப் போய், வாசலில் கொட்டியிருந்த பருத்திக் குவியலில் தலைகீழாகச் செருகிக்கொண்டேன்.

காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சுற்றிலும் தடிகள். ஆனாலும் கொங்குச் சீமை அல்லவா? ஓங்கிய தடியோடு ஒருவர், "அடி உழறதுக்கு முன்னால தாலியக் குடுத்துப்போடுங்க" என்றார்.

அதற்குள் ரேக்ளா வந்து சேர்ந்தது. "ஆரு தாலிங்க?" என்று எல்லோரும் துரையைச் சூழ்ந்தார்கள்.

"தாலி இல்லீங்க... டாலி... நரிங்க!" என்று மூச்சிரைத்தார் துரை.

"நரியா? நரி தாலியத் தூக்கிட்டுப் போயிருச்சா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்காரர் வந்தார். அவரைப் பார்த்ததும், தடியடியே தேவலை என்று எனக்குத் தோன்றியது. பெண்ணின் அப்பா.

"அடடே, மாப்பிள்ளை! வேட்டைக்குப் போவேன்னீங்க. இந்த வேட்டையில நரி ஆருங்க?"

"நானுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

வீட்டு நடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேர் நோம்பியில் கேட்ட அதே சிரிப்பு. "ஏனுங்கய்யா, வந்தவரு தாலிய எடுக்க வந்தாரா, கட்ட வந்தாரா? அத மொதல்ல கேளுங்க."

வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, "கட்டறதுக்குத்தானுங்க" என்றேன். ஊரே சிரித்தது. அவள் அப்பா சிரிக்கவில்லை. குதிரையையும், பருத்தியில் நான் விழுந்த பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சி மாப்பிள்ளை ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போது துரை ரேக்ளாவிலிருந்து இறங்கினார். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அவரைக் கோட்டில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தப்பு என்ரதுங்க. நா குதிரையே ஏறினதில்லீங்க. ஊட்டியில வேட்டைக்குப் பின்னால ரொட்டிக் கூடை செமந்துட்டு நடந்தவன். அந்தச் சத்தத்த ஒரு தடவையாச்சும் நா கத்திப் பாக்கோணும்னு ஆசைங்க. அதுக்குத்தான் தெரியாததத் தெரியும்னு சொல்லி இந்தப் பையன ஏத்தி உட்டுப்போட்டேன். என்னைய நம்புனதுக்காக இவருக்குப் பொண்ணு இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க."

எல்லோர் முன்னாலும் அவர் அதைச் சொன்னார். டைப்பிஸ்டும் ஸ்டோர்கீப்பரும் அப்போதுதான் குதிரைகளைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள்.

அவள் அப்பா துரையை ஒரு கணம் பார்த்தார். "ஏனுங்க, கோட்டப் போட்டுக்குங்க. ஆரு தப்பும் இல்லீங்க. இந்த மாப்பிள்ளை ரெண்டு கையும் உட்டுப்போட்டு, வேலி தாண்டி, ஊரையே கும்பிட்டுட்டு வந்தாரு. நா என்ர கண்ணால பாத்தேன். அந்தப் பொள்ளாச்சிக்காரரு ரெண்டு கையிலயும் புடிச்சுட்டுத்தான் ஓட்டறாரு!" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. அவ்வளவு பெரிய முட்டாள் அல்ல நான்.

கல்யாணத்தன்று அதே குதிரை. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, உழவு மாட்டு வேகத்தில் பந்தலுக்கு வந்து சேர்ந்தேன். துரை கொம்பைக் கொண்டுவரக் கூடாது என்பது மாமனாரின் ஒரே நிபந்தனை. துரை வெறுங்கையோடு வந்தார். கோட்டைப் பார்த்து பேண்டு செட்டுக்காரர்கள் தங்கள் ஆள் என்று நினைத்து, ஒரு தப்பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நம்பி மாட்டியவர்களை விட்டுவிட முடியாமல் அதையும் சுமந்துகொண்டு நின்றார்.

தாலியைக் கையில் எடுத்தேன். கெட்டிமேளம் முழங்கியது. அதற்கு மேலே, பந்தலின் பின்கோடியிலிருந்து, ஊட்டி மலை வரை கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது.

"தாலியோ!"

அன்றைக்கு ஒருவரும் தடியெடுக்கவில்லை. குனிந்த தலையோடு அவள் சிரித்த சிரிப்பில் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் போட்டேன். மாமனார்கூடச் சிரித்தார். மறுநாளிலிருந்து ஊருக்கெல்லாம் அவர் தாலியோ துரை.

இப்போது அவரும் இல்லை, அந்த ரொட்டிக் கடையும் இல்லை. ஆனாலும் எந்தக் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கினாலும், நானும் என் மனைவியும் அட்சதையை உடனே போட்டுவிட மாட்டோம். பின்வரிசையிலிருந்து அந்தக் குரலும் வரட்டும் என்று, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்போம்.