பதினேழு பூக்கள் பற்றிய ஒரு திருத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீங்கள் பேத்தி வீட்டிலிருந்து திரும்பும்வரை நான் பார்த்துக்கொள்ளும் உன் வீடு பத்திரம், நானும் பரவாயில்லை. அத்தானின் முழங்காலும் உன் பேத்தியின் இருமலும் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று நண்பகல் 12.10 நிலவரப்படி உன் டெய்சிச் செடியில் பதினேழு பூக்கள் விரிந்திருக்கின்றன. எண்ணியவர்கள் நானும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும். தனித்தனியாக எண்ணினோம். அவருக்குப் பதினெட்டு வந்தது. ஒன்று வெள்ளைப் பட்டாம்பூச்சி என்பது அது பறந்தபோது தெரிந்தது. ஆகவே, செடி செத்துவிட்டது என்று சென்ற வாரம் நான் எழுதியது தவறு. முப்பத்தெட்டு ஆண்டு நிருபர் வேலையில் ஓர் இறப்புச் செய்தியை நான் திரும்பப் பெறுவது இதுவே முதல் முறை.

நடந்தது இதுதான். காலை ஏழு மணிக்கு அலுவலகம் கிளம்பும்போது பார்ப்பேன், பூக்கள் கூம்பியிருக்கும். மாலை ஐந்தரைக்கு வந்து பார்ப்பேன், அப்போதும் அப்படியே. இரண்டு விடுமுறை நாட்களில் வீட்டில்தான் இருந்தேன். இரண்டு நாளும் வானமும் மூடியிருந்தது, பூவும் மூடியிருந்தது. தாகம் போலும் என்று தண்ணீர் ஊற்றினேன். அது தொட்டியின் அடித்தட்டு நிரம்பி, பால்கனி வழியாக இறங்கி, தையல்காரம்மா காயப்போட்டிருந்த பன்னிரண்டு பள்ளிச் சீருடைகளை நனைத்தது. அவர் மேலே வந்து, "சார், நீங்க செடிக்கு ஊத்துறீங்களா, என் துணிக்கு ஊத்துறீங்களா?" என்று கேட்டார். செடி சாகக் கிடக்கிறது என்றேன். "மத்தியானம் பார்த்தேனே, பல்லைக் காட்டிட்டு நின்னுச்சு" என்றார். ஒரே சாட்சி, அதுவும் கோபத்தில் இருப்பவர் என்று ஒதுக்கிவிட்டேன். மண்ணைக் காயவைக்க டேபிள் ஃபேன் வைத்தேன், தொட்டி சாய்ந்தது. வாடியவற்றைக் கிள்ளினால் செடி பிழைக்கும் என்று நீ சொன்னது நினைவுக்கு வர, கூம்பியிருந்த ஒன்பதையும் கிள்ளினேன். அடுத்த வாரமும் எல்லாம் கூம்பியே நின்றன. அப்போதுதான் அந்த இரங்கல் கடிதத்தை எழுதினேன்.

இன்று பல்வலிக்கு அரைநாள் விடுப்பு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் பதினேழும் என்னைப் பார்க்கின்றன. "அதுக்கும் வேலை நேரம் இருக்கு சார். ஒன்பதரைக்குக் கடை தொறக்கும், நாலரைக்குச் சாத்திரும். நீங்க வர்ற நேரத்துக்கு அது காத்திருக்குமா?" என்றார் தையல்காரம்மா. கிள்ளியதால்தான் இத்தனை பூவாம். அதற்குரிய பாராட்டை நான் மறுக்கவில்லை.

இனி அவசரம். என் தவறான செய்தியை நம்பித்தான், "போனது போகட்டும், சுத்திக் கண்ணாடி போட்டு மூடிக்குங்க" என்று பால்கனியை அத்தானுக்கு விட்டுக்கொடுத்தாய். அவர் ஏறாத அந்த உடற்பயிற்சி சைக்கிள் அங்கே வரப்போகிறது. வியாழன் காலை பத்து மணிக்குக் கண்ணாடி வேலைக்காரர் வருகிறார். கண்ணாடிக் கூண்டின் வெக்கையில் இந்தச் செடி ஒரு வாரம் தாங்காது. வீட்டில் வேறெங்கும் வெயில் கிடையாது. மூன்று முறை விதை போட்டுத் தோற்று, நான்காம் முறை நீ முளைக்க வைத்தது இது. உன்னிடம் சொல்ல மதியமே போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அத்தான் போனுக்கு அடித்தேன், எடுத்தார். "உன் அக்கா போன்ல பேத்தி கார்ட்டூன் பாக்குறா மச்சான். செத்தது செத்ததுதான், விடு" என்றார். அவருக்கே படம் அனுப்பினேன். "இது போன வருஷத்துப் படம்" என்று பதில் வந்தது. அதனால்தான் உன் பெயருக்கே இந்தக் கடிதம். கூரியரில் நாளை மாலை கிடைக்கும். கிடைத்ததும் நீயே வேலைக்காரரைக் கூப்பிட்டு நிறுத்திவிடு. எனக்கு இதில் எந்தப் பக்கமும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதோடு என் வேலை முடிந்தது.

அத்தானுக்கு என் வணக்கம். பேத்திக்கு ஆயுசு நூறு. போன் மட்டும் கொஞ்ச நேரம் உன் கையில் இருக்கட்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அழைப்பு மணி அடித்தது. கண்ணாடி வேலைக்காரர், அளவெடுக்க. மணி ஐந்தேகால். பதினேழும் கடையைச் சாத்திவிட்டன. "பாவம், செத்துருச்சே சார்" என்று தானாகவே சொல்லி, படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினார். அத்தானுக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. வேலை வியாழன் இல்லையாம், நாளை காலை எட்டு மணிக்கே. நீ இதைப் படிக்கும்போது மாலை ஆகியிருக்கும். இதற்கிடையே, வேலைக்காரர் படியிறங்கிய சற்று நேரத்தில் பால்கனிக் கதவின் சாவி காணாமல் போனது. தேடும் பணி நடந்துவருகிறது. நாளை மாலை, உன் போன் வந்தபின் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.