எனக்குப் பேய் இல்லை, ரிப்போர்ட் இருக்கிறது

தாராவி, மும்பை
ஜனவரி 19

மதிப்பிற்குரிய கோமதி மதினி அவர்களின் சமூகத்துக்கு, தம்பி பெண்டாட்டி விஜயராணி கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பி ராஜபாண்டியும் சுகம். அங்கே உங்கள் சுகமும், அண்ணாச்சியின் முட்டுவலி குறைந்த செய்தியும் அறிய ஆவல்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி நீங்கள் இங்கே வந்து, என்னை ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு மாதம் கோயிலில் வைத்து மந்திரிக்கப் போவதாக உங்கள் தம்பி சொன்னார். தயவுசெய்து டிக்கெட்டை கேன்சல் செய்துவிடுங்கள். பை தைக்கும் பட்டறையில் பதினோரு வருஷம் மிஷின் மிதித்த என்னைப் போன மாதம்தான் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு மாதம் லீவு போட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். தவிர, எனக்குப் பேய் இல்லை. போனில் சொல்லலாமென்றால் உங்கள் தம்பி பிடுங்கிப் பேசுகிறார், அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

எனக்கு மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகிறது மதினி. அதிலிருந்து நெஞ்சுக்குள் யாரோ ஸ்டவ் பற்றவைத்த மாதிரி குபீரென்று ஒரு சூடு கிளம்பி கழுத்து, முகம், காது என்று ஏறுகிறது. ரவிக்கை தொப்பலாகிவிடும். நான் ஃபேனை ஐந்தில் வைத்தால் உங்கள் தம்பி குரங்குத் தொப்பியும் மப்ளருமாக உட்கார்ந்து இட்லி தின்கிறார். ஒருநாள் தாங்கமுடியாமல் மளிகைக்கடை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தலையை விட்டுவிட்டேன். கடைக்காரர், "ஆண்ட்டி, குல்ஃபி பிகல் ஜாயேகா!" என்று அலறினார். குல்ஃபி உருகினால் என்ன, நான் உருகுகிறேனே! டிவியில் குக்கர் விளம்பரம் பார்த்து அழுததும், அவர் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அதைத் தூக்கி வெளியே வீசியதும் ஒரே நாளில் நடந்தது உண்மைதான். துண்டு இன்னும் கரண்ட் கம்பியில்தான் தொங்குகிறது. இதை வைத்துத்தான் பேய் என்று முடிவுகட்டி உங்களுக்குப் போன் போட்டிருக்கிறார்.

பட்டறையில் கூட வேலை பார்க்கிற காயல்பட்டணத்து ராபியாதான் வழி சொன்னாள். "எனக்கும் இப்படித்தான் இருக்கு ராணிக்கா. மவுத்தாயிருவேனோன்னு பயமாயிருக்கு. செம்பூர்ல பொம்பளையளுக்கு கேம்ப் போட்டிருக்காங்க, வாங்க போவோம்." அங்கே கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பார்க்கிறார்களாம். மனசு பதறினால் ரத்தத்தில் கூடுமாம். காலை எட்டு மணிக்குப் பதறாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும்.

உங்கள் தம்பி தன் டெம்போவிலேயே எங்களைக் கூட்டிப்போனார். "டென்ஷன் ஆவாத ராணி, டென்ஷன் ஆவாத" என்று சயான் சிக்னல் வருவதற்குள் பதினேழு தடவை சொன்னார். பதினெட்டாவது தடவை அவர் தொப்பியைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். அமைதியாகத்தான் எறிந்தேன். அது ஒரு ரிக்‌ஷாக்காரன் முகத்தில் போய் விழுந்தது. "பாகல் ஹை க்யா?" என்றான், பைத்தியமா என்று. நான் இறங்கிப்போய் என்னுடைய எட்டு மாதக் கதையையும் நடுரோட்டில் நின்று ஹிந்தியில் விளக்கினேன். "மாஃப் கரோ மாதாஜி" என்று மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு, ஏறவந்த சவாரியைக்கூட ஏற்ற மறந்து போய்விட்டான்.

கேம்ப்பில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு டேபிள் ஃபேன், அதுவும் டோக்கன் கொடுக்கிறவன் பக்கம் திரும்பியிருந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். என்னைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் ஷ்யாமளா நம்ம தமிழ்தான், வீடு மாட்டுங்காவில். "யாரும்மா ஃபேனை எடுத்தது?" என்று வேகமாக வந்தவர், கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கோ" என்றார். பிறகு உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மாதவிலக்கு நிக்கற வயசு. சூட்டுல தூக்கம் கெடறது, தூக்கம் கெட்டா பதட்டம் கூடறது" என்றார்.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போனா சரியாயிருமா டாக்டர்?"

"நீங்க மட்டும் போங்கோ. அவா கொஞ்சம் தூங்கட்டும்."

நேற்று ரிப்போர்ட் வந்தது. ராபியாவுக்கு கார்ட்டிசால் எக்கச்சக்கம். மறுபடி டெஸ்ட் எடுக்கவேண்டுமாம், அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கோ பச்சைத்தண்ணி மாதிரி இருக்கிறதாம்! "என்னப் பாத்துக் கத்துக்கோடி, எப்படி நிதானமா இருக்கேன்" என்று அவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பினேன். ரிப்போர்ட்டை லாமினேட் செய்து பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகவே நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம்.

அண்ணாச்சிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயசு நல்லா இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதட்டம் ஏதுமில்லாத,
விஜயராணி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கேம்ப்பிலிருந்து போன். பெயர் மாறிப்போச்சாம் மதினி. அந்தப் பச்சைத்தண்ணி ராபியாவாம், எக்கச்சக்கம் நானாம்! அவள் பட்டறை முழுக்க அல்வா கொடுத்துக்கிட்டிருக்கா. நான் போன்ல போட்ட சத்தத்துல மாடிவீட்டுக்காரங்க இறங்கி வந்துட்டாங்க. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்து, நிறுத்தவே முடியல. டிக்கெட்டை கேன்சல் பண்ணாதீங்க. மந்திரிக்க வேண்டாம், சும்மா வாங்க. மறுபடி ரத்தம் கொடுக்கணும், கூட ஒரு ஆள் இருந்தா தெம்பா இருக்கும். இன்னொண்ணு, உங்களுக்கும் அம்பது தாண்டிருச்சே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்களுக்கும் இப்படி எரியுதா மதினி?