கரடியின் டேங்கில் ஒரு முடி

ஒரு காட்டில் மொபெட் வைத்திருந்த கரடி ஒன்று இருந்தது. அதன் பெயர் உத்தண்டி. பதினோரு குடியிருப்புகளுக்கு அது தேன் கொண்டுபோய்க் கொடுத்து வந்தது. மொபெட் இல்லாவிட்டால் இரண்டு குடியிருப்புக்குத்தான் நடந்து போக முடியும். மற்ற ஒன்பதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

பெட்ரோல் பங்கில் இருந்த குரங்கு, டேங்க் நிரம்பியதும் குழாயை வெடுக்கென்று இழுக்கும். ஒவ்வொரு தடவையும் நான்கு சொட்டு டேங்கின் மேல் விழும். அதை அழுக்குத் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடும். பதினைந்து வருடம் இப்படியே போனதில், மூடியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பச்சை நிறம் கரைந்து தகரம் தெரிந்தது.

அந்த வருடம் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆபீஸ் கிளார்க்கான கொக்கு பதிவுப் புத்தகத்தைப் பார்த்தது, டேங்கைப் பார்த்தது. புத்தகத்தில் பச்சை என்று இருக்கிறது, வண்டியில் பச்சை முழுதாக இல்லை என்றது. பதினாறாம் நாள் சரிசெய்து கொண்டுவராவிட்டால் பதிவு ரத்து. பக்கத்து வீட்டு நரியின் வண்டிக்கும் அதே குறை, அதே கெடு.

உத்தண்டி நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனது. கடைக்காரர் பச்சோந்தி. எந்த நிறம் கேட்டாலும் தன் முதுகிலேயே காட்டிவிடும். பச்சைக்கு மேலே அடிக்க, நிறமில்லாத பூச்சு வேண்டும் என்று கரடி சொன்னதும் அது கொஞ்ச நேரம் முக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு தகர மூடிகளை எடுத்து மேஜையில் வைத்தது. இரண்டிலும் இரு வகைக் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு, அடித்துக் காயவைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு சொட்டு பெட்ரோல் விட்டது. கரடி நூறு வரை எண்ணியது. முதல் மூடியில் பூச்சு சுருங்கிப் பிசுபிசுத்தது. இரண்டாவது மூடி அப்படியே இருந்தது.

முதலாவது சும்மா காற்றில் காய்வது, பெட்ரோலுக்கு நிற்காது என்று பச்சோந்தி விளக்கியது. இரண்டாவது, பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிப்பது. பெட்ரோலுக்கு நிற்கும், ஆனால் அடிக்கும்போது அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. கையுறை, கண்ணாடி, இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த மாஸ்க், இவ்வளவும் வேண்டும். திறந்தவெளியில்தான் அடிக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

பிறகு கரடியின் முகத்தைப் பார்த்துத் தயங்கியது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. முகத்துல முடி இருந்தா மாஸ்க் படியாது. சந்து வழியாப் புகை உள்ளே போயிடும்."

"எவ்வளவு எடுக்கணும்?"

"மாஸ்க் படியுற இடம் முழுக்க. உங்களுக்குன்னா, மூஞ்சி முழுக்க."

நரி பெயிண்டும் முதல் வகைப் பூச்சில் ஒரு டப்பாவும் வாங்கி, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, குகைக்குள்ளேயே அரை நாளில் அடித்து முடித்தது. மூன்று நாள் இருமியது. நான்காம் நாள் பங்குக்குப் போனதும் குரங்கின் நான்கு சொட்டில் டேங்க் தோலாக உரிந்தது. பழைய சிவப்பு, அதற்கும் பழைய நீலம் எல்லாம் வெளியே வந்தன.

உத்தண்டி நாள் கணக்குப் போட்டுச் செய்தது. கடைக்கு ஒரு நாள் ஆகிவிட்டது. பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, கழுவிக் காற்றாட வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மூன்று நாள். பச்சை அடித்துக் காயவைக்க இரண்டு நாள். ஏழாம் நாள் காலையில், டேங்க் இருந்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளி உட்கார்ந்து முகத்தை மழித்தது. அதன் மனைவி செல்லாயி பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி இந்த மூஞ்சியைக் காட்டியிருந்தா நல்லா யோசிச்சிருப்பேன் என்றது.

நான்கு பங்கு பூச்சு, ஒரு பங்கு ஹார்டனர். கால் மணி நேர இடைவெளியில் மூன்று தடவை அடித்தது. டேங்க் கிணற்றுத் தண்ணீர்போல் மின்னியது. குனிந்து பார்த்தபோது, பூச்சுக்குள் ஒரு முடி. தாடி முடி, நுனி மட்டும் வெள்ளை. ஈரத்தில் பிடுங்கினால் தழும்பு விழும். காய்ந்தபின் தேய்த்து மறுபடி அடித்தால் இன்னும் ஏழு நாள் காய வேண்டும், கெடு தாண்டிவிடும். உத்தண்டி அன்று சோறு தின்னவில்லை.

ஏழு நாள் காயவிட்டு, பதினைந்தாம் நாள் டேங்கை மாட்டிப் பெட்ரோல் போட்டு, பதினாறாம் நாள் ஆபீஸுக்குப் போனது. முன்னால் நின்ற நரி, "வண்டியைத் திருத்த முடியல சார், புத்தகத்தைத் திருத்திடுங்க" என்றது. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. நிறம் என்ற இடத்தில் கொக்கு 'பல நிறம்' என்று எழுதி முத்திரை குத்தியது. நரி திரும்பி, கரடியைப் பார்த்து, "வரேன் மாமா. நீங்க மாமாதானே?" என்று கேட்டுவிட்டுப் போனது.

கொக்கு கரடியின் டேங்கைப் பார்த்துத் தலையாட்டியது. பிறகு புத்தகத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தது.

"இவர் வரலையா?"

"நான்தான் சார் அது."

"இவருக்கு முகமெல்லாம் முடி. உங்களுக்கு முகம்தான் இருக்கு."

உடம்பெல்லாம் கரடிதான் என்று உத்தண்டி சட்டையைத் தூக்கிக் காட்டியது. போட்டோவில் கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை என்று கொக்கு புத்தகத்தை மூடப் போனது. ஒன்பது குடியிருப்பும் உத்தண்டியின் கண்முன் வந்து போயின. வெட்கத்தோடு, டேங்கின் இடது பக்கம் விரலை வைத்தது.

கொக்கு ஒற்றைக் காலில் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. முடியைப் பார்த்தது, போட்டோவில் தாடியைப் பார்த்தது. வெள்ளை நுனி ஒத்துப்போனது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டது. உரிமையாளர் அடையாளம் என்ற இடத்தில், 'டேங்கின் இடப்புறம் உள்ள முடி' என்று எழுதியது.

இரண்டு மாதத்தில் கரடிக்குத் தாடி முழுதாக வளர்ந்துவிட்டது. அந்த ஒரு முடியைத் தேய்த்து எடுத்துவிட அதற்குக் கை துறுதுறுக்கும். ஆனால் புத்தகத்தில் ஏறிவிட்டதே. பங்கில் குரங்கு இன்றைக்கும் நான்கு சொட்டுச் சிந்துகிறது. பூச்சும் கலங்கவில்லை, முடியும் கலங்கவில்லை.

நீதி: வேலையைச் சுத்தமாகச் செய்யலாம், முழுக்கச் சுத்தமாகச் செய்துவிடக் கூடாது, செய்தவர் நீங்கள்தான் என்று ஆபீஸில் காட்ட ஒரு முடியாவது மிஞ்ச வேண்டும்.