என் மூளைப் படம் என் கைக்கு வர வேண்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. மாமாவின் முழங்கால் இப்போது ஒழுங்காக மடங்குகிறது என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. இங்கே நான் நலம். நேற்று நீ பாதியில் போனை வைத்துவிட்டதால் மீதியை எழுதுகிறேன். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில், வயதானால் மூளை எப்படிச் சுருங்குகிறது, மறதி நோய் அதில் முதலில் எங்கே கை வைக்கிறது என்று ஸ்கேன் எடுத்து ஆராய்கிறார்களாம். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல நினைவுள்ள வயதானவர்கள் தேவை என்று நூலகத்தில் ஒட்டியிருந்தார்கள். என்னைத்தான் தேடுகிறார்கள் என்று போன மாதம் பெயர் கொடுத்தேன். ஆராய்ச்சிப் பெண் முதலில், ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் தெரியுமோ அத்தனையும் சொல்லச் சொன்னாள். நாய் என்றேன். வீட்டு நாயா, தெரு நாயா, தனித்தனியாக எண்ணுவீர்களா என்று விவரம் கேட்டேன். அதிலேயே நேரம் போய்விட்டது. மொத்தம் நான்கு. அதிலும் கொசு சேராதாம்.

பிறகு பெல்ட், சாவி, பல்செட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, "பயப்படாதீங்க, அசையாம இருங்க, சத்தம் வரும், அது சாதாரணம்தான்" என்று சொல்லியே பழகியவன். ஸ்கேன் எடுக்கிறவர் அதையே எனக்குச் சொல்கிறார். "தம்பி, இது சாதாரண சத்தம் இல்ல, மெஷின்ல பேரிங் போயிடுச்சு, நிறுத்திட்டுப் பாருங்க" என்றேன். "பேசாதீங்க ஐயா, படம் கலங்குது" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தத் தடவை மூக்கு அரித்தது.

வெளியே வந்து, "படத்தைக் குடுங்க" என்றேன்.

"தனித்தனியா குடுக்கிறதில்லைங்க. நானூறு பேரோட சராசரியத்தான் பார்ப்போம்" என்றாள் அந்தப் பெண்.

சராசரி ஆவதற்கா பல்லைக் கழற்றிக் கொடுத்தேன்? அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "எழுதிக் குடுங்க, மேல கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"நமக்கெதுக்குடா இந்த வம்பு, விட்டுடு" என்கிறாய். விடமாட்டேன். அம்மா கடைசி இரண்டு வருடம் உன்னை நர்ஸ் என்றாள். என்னைப் பார்த்தால், "லிஃப்ட் ரிப்பேர்காரர் வந்துட்டாரா?" என்பாள். என் தொழில் ஞாபகம் இருந்தது, நான் யாரென்று ஞாபகம் இல்லை. நாம் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் குளியலறையில் போய் அழுதது உனக்குத் தெரியாது. அது எனக்கும் வருகிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பதினோராவது மாடியில் லிஃப்ட்டின் தலைமேல் நின்று சாப்பிட்டவனுக்கு ஒரு படத்தைப் பார்க்கப் பயமா? வந்த நிமிடமே பிரிப்பேன். கூடத்துச் சுவரில் மாட்டுவேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

யாருக்கும் மடங்காத,
உன் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது அவர்களிடமிருந்து கவர் வந்துவிட்டது. மூன்று நாளாக ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து பிரித்துப் பார். என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வா. உன் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது.