ஈ விழாத பொறிகள்

மனித குலம் ஈக்களோடு நடத்திவந்த நெடும்போரில் இறுதி வெற்றி, ஈ ஒழிப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கிட்டியது. குளிர்சாதன அறை அது.

வெற்றித் தளபதி, கணித நிபுணர். தூக்க நோய் பரப்பும் ஈக்கள் நீலத் துணிப் பொறிகளில் எத்தனை விழுந்தன என்று சொன்னால் போதும். ஆற்றங்கரை முழுவதும் எத்தனை பறக்கின்றன என்று அவருடைய கணினிக் கணக்கு 'மாதிரி' கணக்கிட்டுவிடும். அதில் ஒரே குறை, உண்மையைச் சொன்னது. ஆற்றங்கரைப் பொறிகள் நிரம்பி வழிய, திரையில் ஈக்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு கூரையைப் பார்த்து ஏறியது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிந்திக்கும்போது அப்படிச் செய்வார், அபூர்வமான காட்சி.

"பொறி வச்ச இடத்துலதானே ஈ விழுது?"

"ஆமாங்க சார்."

"வைக்காத இடத்துல ஒண்ணாவது விழுந்திருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்போ தப்பு யார் மேல? பொறியைத் தூக்குய்யா!"

இந்த 'அறிவியல் நோக்கு' உடனடியாகச் செயலாக்கப்பட்டது. பொறிகள் அனைத்தும் இரண்டாம் மாடிக்கு வந்து வரிசையாக நின்றன. கோடு பணிவோடு இறங்கித் தரையில் படுத்தது. நிபுணருக்குப் பதவி உயர்வு நிச்சயம் என்று கேன்டீன் வரை பேச்சு.

ஆற்றங்கரையில் குடியிருக்கும் அவருடைய தங்கை மட்டும் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"அண்ணா, இவரு சாப்பிடற கையோட தூங்கிடறாரு. ஆஸ்பத்திரில தூக்க நோய்னுட்டாங்க. அடுத்து பிள்ளைங்களைக் கடிச்சா நான் என்ன பண்ணுவேன்? எங்க கரைல இருந்த பொறில ஒண்ணையாவது திருப்பிக் குடு. இங்க சும்மாதானே நிக்குது?"

"சும்மா நிக்கலைம்மா. 'பூஜ்யம்' காட்டுது. அங்க வச்சா ஈ விழும்."

"விழணும்னுதானே கேக்கறேன்!"

"விழுந்தா கோடு ஏறிடுமே. வெற்றி விழா முடியட்டும், தரேன். நீயும் மாப்பிள்ளையும் முன்வரிசைல வந்து உக்காருங்க. 'பயனடைந்த குடும்பம்' ஒண்ணு தேவைப்படுது."

அவருக்கும் உறுத்தாமல் இல்லை. ஆனால் உறுத்தலை அளக்க மாதிரியில் இடமில்லை.

விழாவில் வரவேற்புரை முடிவதற்குள் மாப்பிள்ளையின் தலை சாய்ந்தது, வாய் திறந்துகொண்டது. நிபுணருக்கு வியர்த்துக் கொட்டியது. மேடையிலிருந்து இயக்குநர் பார்த்தேவிட்டார். அவர் குரல் தழுதழுத்தது.

"இதோ பாருங்க! ஈ ஒழிஞ்ச ஊர்ல ஒரு குடிமகன் எவ்வளவு நிம்மதியா தூங்கறாரு!"

அரங்கம் அதிர்ந்தது. முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் நிபுணர்தான்.

கணவனின் தலையைத் தோளில் தாங்கியபடி தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் பலமா தட்டுண்ணா. இவரு எந்திரிக்கிறாரான்னு பாக்கலாம்."